கணக்கேடு யார் கையில்? வன்னியின் கொடுக்கல் வாங்கல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வவுனியாவிலிருந்து மன்னாரை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த பூவரசங்குளம், பெயருக்கேற்பக் குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். இத்தகைய ஊர்களில் பலசரக்குக் கடை, உரக்கடை, அரிசி ஆலை, மோட்டார் சைக்கிள் திருத்தகம் ஆகியவற்றை நடத்துவோர் இன்று ஒரு வினாவை எதிர்நோக்குகின்றனர். வாடிக்கையாளரிடமிருந்து பணத்தை எவ்வழியாற் பெறுவது? வங்கி கொடுக்கும் காட் மெஷினை மேசையில் வைப்பதா? கியூஆர் குறியீடு பொறித்த அட்டையைச் சுவரில் ஒட்டுவதா? தொலைபேசி நிறுவனத்தின் பணப்பையிற் சேர்வதா? பொருளை இணையத்தில் விற்று அங்கேயே பணத்தைப் பெறுவதா? இவற்றை அறிமுகஞ் செய்ய வரும் முகவர்கள் வேகத்தையும் வசதியையும் பற்றி நிரம்பப் பேசுகின்றனர். அவர்கள் பேசாது விடும் பகுதியொன்று உண்டு. அதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நமது நோக்கம்.

பணங் கொடுக்கும் முறை கருவி பற்றிய விடயம் மட்டுமே என்று பலர் எண்ணக்கூடும். ஆயின் நெல்லாற் கொடுத்த காலமுதல் கைத்தொலைபேசியாற் கொடுக்கும் இக்காலம்வரை வன்னி மக்களின் வாழ்வை நோக்குமிடத்து, கருவி மாறிய ஒவ்வொரு வேளையிலும் அவர்களது நலந்தீங்கைப் பெரிதும் தீர்மானித்தது வேறொன்றாக இருந்தமையைக் காண்கிறோம். கொடுத்ததையும் வாங்கியதையும் பதிந்துவைத்த ஏடு யார் கையில் இருந்தது, எளியவன் கையில் அதன் பிரதியொன்று இருந்ததா என்பதே அது.

பழைய வன்னியின் கொடுக்கல் வாங்கல் களத்துமேட்டிலே நடந்தது. சூடு மிதித்து நெல்லைக் குவித்ததும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் அம்பட்டனுக்கும் அவரவர் பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. விதைநெல் கடன் வாங்கியவன் அறுவடையில் முதலோடு பொலியுஞ் சேர்த்து அளந்தான். வட்டியைக் குறிக்கும் பொலிசை என்ற சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பயின்று வருகிறது. கடனும் வட்டியும் நேற்று வந்தவையல்ல என்பதற்கு இச்சொல்லே சான்று. இக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவாருளர். அளப்பவன் எவன், அளக்கும் மரக்கால் எவனுடையது என்று கேட்டால் அப்பொற்பூச்சு உதிர்ந்துவிடும். பங்கு பெற்ற கைவினைஞனும் குடிமைத் தொழிலாளியும் தாம் பெறவேண்டியது இவ்வளவென்று வாதிடும் உரிமையைச் சாதியமைப்பு அவர்களுக்கு வழங்கவில்லை. கணக்கு நினைவில் இருந்தது. வாதம் எழுந்தபோது வலியவன் நினைவே செல்லுபடியாயிற்று.

பிரித்தானியர் ஆட்சி நாணயத்தை நாட்டுப்புறத்தின் உள்ளே செலுத்தியது. 1872 ஆம் ஆண்டில் ரூபாவும் சதமும் இலங்கையின் சட்டபூர்வ நாணயமாயின. 1878 ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டம், விளைச்சலில் ஒரு பங்காகக் கொடுத்துவந்த வரியை நிலையான காசுத் தொகையாக மாற்ற முற்பட்டது. மழை பொய்த்த ஆண்டிலும் அதே தொகை; நெல் விலை விழுந்த ஆண்டிலும் அதே தொகை. வரி கட்ட முடியாத கமக்காரரின் நிலங்கள் விற்கப்பட்டன. மலைநாட்டின் வலப்பனைப் பகுதியில் இதனால் நேர்ந்த அவலம் இங்கிலாந்துவரை பேசப்பட்டது; 1892 இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது யாதெனின், நெல்லிலிருந்து காசுக்கு மாறிய மாற்றம் தன்னளவில் நன்றோ தீதோ அன்று. வரிப்பதிவேட்டை வைத்திருந்தவன் கமக்காரனின் பருவத்தை அறிய மறுத்தமையே அவனைக் கெடுத்தது.

நாணயத்தாளின் கதையும் இவ்வாறானதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இலங்கையிற் புழங்கிய தாட்காசு தனியார் வங்கிகள் வெளியிட்டது. அவற்றுள் முதன்மையான ஓரியண்டல் வங்கி, கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்ததன் பின், 1884 மே மாதத்திற் கதவடைத்தது. அதன் தாள்களைக் கையில் வைத்திருந்தோர் கலங்கினர். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்துக் கலக்கத்தைத் தணித்தார். அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, நாணயத்தாள் வெளியிடும் உரிமை அரசின் கைக்குச் சென்றது. மக்கள் நாள்தோறும் கைமாற்றும் பணத்தை ஒரு தனியார் நிறுவனத்தின் இலாப நட்டத்தோடு பிணைத்துவைப்பது எத்துணை ஆபத்தானது என்பதை ஏகாதிபத்திய அரசே ஒப்புக்கொண்ட தருணம் இது.

ஆயினும் கடன் வழங்கும் துறை மாறவில்லை. ஆங்கிலேய வங்கிகள் தோட்ட முதலாளிக்கும் ஏற்றுமதி வணிகனுக்கும் சேவை செய்தன. உள்நாட்டு வணிகன் நாட்டுக்கோட்டைச் செட்டியாரை நாடினான். செட்டியாரோ அவ்வங்கிகளிடமே கடன் பெற்று மேல்வட்டிக்குக் கொடுத்தார். அவர்களின் உண்டியல் என்னும் தாள், கடல் கடந்தும் பணத்தைக் கொண்டுசேர்த்தது. 1925 இல் வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்த கடனை நெருக்கியபோது, அந்நெருக்கடி சிறு வணிகனின் கடைவரை இறங்கிற்று. 1934 ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு, நாட்டவர்க்கென ஒரு வங்கி வேண்டுமென விதந்துரைத்ததும், அதன் விளைவாக 1939 இல் இலங்கை வங்கி தோன்றியதும் இப்பின்னணியிலேதான்.

கிராமத்தின் கையில் ஏட்டின் பிரதியொன்றைக் கொடுக்க முயன்ற முதலாவது பெருமுயற்சி கூட்டுறவே. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இல் வந்தது. இரண்டாம் உலகப்போர்க்காலப் பங்கீடு சங்கக்கடையை ஊர்தோறும் கொண்டுசென்றது. 1948 இல் நெல்லுக்கு உத்தரவாத விலை ஏற்பட்டது. 1957 இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாக்கப்பட்டன. 1961 இல் மக்கள் வங்கி அவ்வியக்கத்தின் நிதித்தூணாக எழுந்தது. சங்க உறுப்பினன் கையில் ஒரு புத்தகம் இருந்தது; அதில் அவனது பங்கும் கடனும் எழுதப்பட்டிருந்தன; ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. அவ்வுரிமை பல இடங்களில் வெறும் ஏட்டுரிமையாகவே நின்றதையும் நாம் மறைத்தல் தகாது. கட்சி அரசியல் சங்கங்களைப் பற்றிக்கொண்டது, கையாடல்கள் நிகழ்ந்தன, கடன் மீளாமற் போயிற்று. கேள்வி கேட்கும் உரிமையைப் பயன்படுத்தப் பழகாத மக்களின் கையில் ஏடு இருந்தும் பயன் குறைந்தது. இதுவும் நமக்கு ஒரு பாடமே.

போர் இவ்வமைப்புகள் அனைத்தையும் சோதித்தது. 1990 முதல் வடக்கிற்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருளும் உரமும் மின்கலமும் அரும்பொருளாயின. புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய பணம் மீண்டும் உண்டியல் என்ற பழம்பெயர் தாங்கி, வங்கிக்குப் புறம்பான வழியில், நம்பிக்கை ஒன்றையே பிணையாகக் கொண்டு வந்துசேர்ந்தது. விடுதலைப் புலிகளின் நிருவாகத்தில் 1994 இல் தமிழீழ வைப்பகம் தோன்றியது. அது இலங்கை ரூபாவிலேயே வைப்புகளை ஏற்றது; நகையை ஈடாகக் கொண்டு கடன் வழங்கிற்று. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது அவ்வைப்பகமும் அழிந்தது. அதில் வைத்த பணமும் ஈடுவைத்த நகையும் என்னவாயின என்ற வினா மக்களோடு தங்கிவிட்டது. போர்ப்பகுதிகளில் இராணுவம் மீட்டெடுத்த பொன், வெள்ளிப் பொருள்களின் தொகுதியொன்று, உரியவரிடம் சேர்ப்பிப்பதற்கென 2025 மே மாதத்திலேயே பொலிசாரிடம் கையளிக்கப்பட்டது. இடையிற் கழிந்தவை பதினாறு ஆண்டுகள். இடப்பெயர்விலிடையே பற்றுச்சீட்டைத் தொலைத்த ஒரு தாய் தன் தாலிக்கொடியைத் தனதென்று எவ்வாறு நிறுவுவாள்? ஏட்டின் பிரதி கையில் இல்லாதவனின் துயரத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் காலத்திற் குறைவு.

2009 இல் பூவரசங்குளத்துக்கு அப்பால், செட்டிகுளம் பகுதியிலுள்ள மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தனர். மீள்குடியேறச் சென்ற குடும்பங்களுக்கு ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் 25,000 ரூபா உதவித்தொகை வழங்கிற்று. வங்கிக் கணக்கு வன்னிக் குடும்பங்கள் பலவற்றிற்கு உயிர்வாழ்வின் நிபந்தனையாயிற்று. அதன் பின்னர் ஏ-9 வீதியெங்கும் வங்கிக் கிளைகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வந்து நிறைந்தன. வாழ்வாதாரமிழந்த பெண்களிடம் நுண்கடன் முகவர்கள் கிழமைதோறும் வீட்டு வாயிலில் வந்து தவணை அறவிட்டனர். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்பதைப் பல பெண்கள் அறியார், அறிந்தவர் முகவரே. 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவரையிலான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கடன் ஏட்டைக் கடன்பட்டவள் வாசிக்க முடிந்திருப்பின் இத்துணைத் தூரம் அவலம் வளர்ந்திருக்குமா?

இவ்வளவையும் மனத்திற் கொண்டே இன்றைய கருவிகளை நோக்குதல் வேண்டும். வங்கிகளிடையே கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கும் லங்காகிளியர் நிறுவனம் 2002 இல் அமைந்தது. கொடுப்பனவு முறைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005 இல் இயற்றப்பட்டது. 2012 இல் டயலொக் நிறுவனம் ஈசி காஷ் என்ற கைத்தொலைபேசிப் பணத்தை அறிமுகஞ் செய்தது. 2015 இல் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் அனுப்பும் முறை தொடங்கிற்று. 2018 இல் மத்திய வங்கி லங்கா கியூஆர் என்ற பொதுநியமத்தை வகுத்தது. 2020 முதல் அதனை நாடெங்கும் பரப்ப முற்பட்டது. எனினும் வன்னிக் கமக்காரனுக்குக் கியூஆர் குறியீட்டைப் பழக்கியது வங்கியன்று. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில், எரிபொருட் பங்கீட்டுக்காக அரசு கொடுத்த குறியீட்டைக் காட்டி வரிசையில் நின்றபோதே பலர் அச்சதுரக் கோலத்தை முதன்முதலிற் கையாண்டனர். முற்காலப் பங்கீட்டுக் கூப்பன் கைத்தொலைபேசித் திரையில் மறுபிறவி எடுத்தது எனலாம்.

இனிக் கடைக்காரர் எதைத் தேர்வது? காட் மெஷினில் அட்டை செருகப்படும்போது பணம் உடனே கடைக்காரர் கைக்கு வருவதில்லை. அட்டை வழங்கிய வங்கி, இயந்திரம் வைத்த வங்கி, அட்டை வலையமைப்பை நடத்தும் பன்னாட்டுக் கம்பனி ஆகிய மூன்றும் தத்தம் பங்கைக் கழித்துக்கொண்ட பின்னரே எஞ்சியது அவர் கணக்கிற் சேர்கிறது. நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாவரை கழிவு போவது வழமை. நூறு ரூபா விற்பனையில் நான்கு ரூபா மிஞ்சும் பண்டமாயின், அதிற் பாதியோ அதற்கு மேலோ இயந்திரத்துக்குரியதாகிவிடும். இக்கழிவை வாடிக்கையாளரிடம் மேலதிகமாக அறவிடலாகாதென மத்திய வங்கி அறிவுறுத்தியுள்ளது; எனவே சுமை சிறு கடைக்காரரின் தோளிலேயே தங்குகிறது. லங்கா கியூஆர் முறையில் இயந்திரம் வேண்டியதில்லை, கழிவும் குறைவு, ஒரே குறியீட்டுக்கு எந்த வங்கியின் செயலியிலிருந்தும் பணம் செலுத்தலாம். ஒரு தனி நிறுவனத்தின் பணப்பையையோ, அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் மட்டும் பயன்படுத்தத்தக்க குறியீட்டையோ ஏற்பதைவிட, பொதுநியமத்தை ஏற்பது கடைக்காரருக்கு விலகிச் செல்லும் சுதந்திரத்தை அளிக்கிறது. 1884 இன் பாடத்தை நினைவிற் கொள்வோர்க்கு இச்சுதந்திரத்தின் பெறுமதி விளங்கும்.

பணம் தங்குமிடத்தைப் பற்றியும் கேட்டல் வேண்டும். 2010 இல் வைப்புக் காப்புறுதித் திட்டம் தொடங்கப்பட்டது. 2021 இல் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்குரிய காப்புத்தொகை 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. பணப்பையோ இணையவழி இடைத்தரகரோ பணத்தைச் சில நாட்கள் தம்மிடம் வைத்திருப்பின், அந்நாட்களில் அப்பணம் எந்த வங்கியில், எவருடைய பெயரில் இருக்கிறது என்பதை உடன்படிக்கையிற் கையெழுத்திடுமுன் எழுத்திற் கேட்டுப் பெறுதல் அவசியம். கருவி செயலிழக்கும் வேளையும் வரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் ஒருங்கே இருளில் மூழ்கியது. அத்தகைய நாளிற் காசுப்பெட்டியும் கையெழுத்துமே கடையைக் காத்தன. காசை முற்றாக ஒழித்துவிடும் கனவு நகரத்து நிதிநிபுணருக்கு இனிக்கலாம். குளக்கட்டு உடைத்து வீதி மூழ்கும் ஊருக்கு அது பொருந்தாது.

இவற்றினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. வன்னிக் கடையின் வாணிபத்திற் பெரும்பகுதி கடன் கொப்பியிலே நடக்கிறது. காலபோகம் விதைக்கும்போது உரமும் மாவும் சீனியும் கடனாகச் செல்கின்றன. மாசி, பங்குனியில் நெல் வந்த பின்னரே காசு திரும்புகிறது. காட் மெஷினும் கியூஆர் அட்டையும் கையிலுள்ள பணத்தை மட்டுமே அறியும். பருவத்துக்குக் காத்திருக்க அவற்றுக்குத் தெரியாது. ஆகையாற் கடன் கொப்பி ஒழியப்போவதில்லை. அதனை மனிதநேயத்தின் சின்னமாக வருணிப்பதும் தவறு. கொப்பி கடைக்காரரிடம் மட்டுமே இருக்கிறது. அதில் எழுதும் விலையை அவரே தீர்மானிக்கிறார். கடன்பட்டவன் அறுவடை நெல்லை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கு விற்கும் நிலையும் உண்டு. கடைக்காரரும் வவுனியா மொத்த வியாபாரிக்குப் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துவிட்டு உறக்கமின்றிக் கிடப்பவர் என்பதை மறந்து இதனைக் கூறவில்லை. இருவரையும் இறுக்குவது ஒரே சங்கிலியே.

இங்கேதான் புதிய கருவியில் முற்போக்கான அம்சம் ஒன்றை நாம் காண்கிறோம். கைத்தொலைபேசி வழியாகப் பணம் செல்லும்போது கொடுத்தவன் கையிலும் பெற்றவன் கையிலும் ஒரே பதிவு தங்குகிறது. கென்யாவில் 2007 இல் தொடங்கிய எம்-பெசா ஏழை மக்களிடையே வேரூன்றியமைக்கு ஒரு காரணம், சாதாரணத் தொலைபேசியிலும் இருவர்க்கும் உடனே செய்தி வந்தமையே. இதே நெறியிற் கடன் கணக்கும் இரு கைகளிலும் தங்குமாயின், அளப்பவனிடமே அளவை இருந்த பழைய அநீதியில் ஒரு கல் பெயரும். ஆயினும் பதிவு அவ்விருவரோடு நின்றுவிடுவதில்லை. மூன்றாவது பிரதி வங்கியிடமோ கம்பனியிடமோ இருக்கிறது. ஓர் ஊர் எதை உண்கிறது, எப்போது கடன்படுகிறது, எக்குடும்பம் தவிக்கிறது என்பதனைத்தையும் அப்பிரதி காட்டிக்கொடுக்கும். கிழமைத் தவணைக்காரர் நாளை வாயிலுக்கு வரவேண்டியதில்லை. பதிவைப் பார்த்துத் தொலைபேசியிலேயே வலைவீசலாம். இந்தியாவில் 2016 இல் தோன்றிய யூபிஐ முறை இலாபநோக்கற்ற நிறுவனமொன்றின் ஆக்கம். அதன் குறியீடு 2024 பெப்ரவரி முதல் இலங்கையிலும் ஏற்கப்படுகிறது. அப்பொதுப்பாதையிலும் பெரும்பாலான போக்குவரத்து வோல்மார்ட்டின் உடைமையான போன்பே, கூகுள் பே என்ற இரு செயலிகளின் வழியே செல்லும் நிலை உருவாகியது. பாதையைப் பொதுவில் அமைத்தால் மட்டும் போதாது. வண்டி யாருடையது என்பதும் வினாவே.

இணையவழி வாணிபத்தில் இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. மிளகாய்த்தூளும் பனம் பண்டமும் ஆக்கும் வன்னிப் பெண்ணின் பொருளை வாங்க ரொறன்ரோவிலும் லண்டனிலும் உறவினர் உளர். பேபால் முறையில் இலங்கையர் பணம் அனுப்பலாம், பெறலாகாது என்ற நிலை பல்லாண்டு நீடித்தது. அதனால் அவ்வுழைப்பின் விலை தெரிந்தவர் ஒருவரின் கணக்கின் வழியாகவோ உண்டியலாலோ சுற்றிவர நேர்ந்தது. சுற்றுவழியின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பங்கு கழிந்தது. தன் பெயரில் ஒரு கணக்கு, தன் மொழியில் ஒரு பற்றுச்சீட்டு என்பன அவளுக்கு உழைப்பின் உரிமைப்பத்திரங்கள்.

ஆகவே எக்கருவியை ஏற்பதாயினும் கடைக்காரர் நான்கு வினாக்களுக்கு விடைபெறல் வேண்டும். பதிவின் பிரதி, வாடிக்கையாளர் வாசிக்கத்தக்க தமிழில், அவர் கைக்குக் கிடைக்குமா? கழிவைச் சுமப்பவர் யார். அதனை உயர்த்தும் அதிகாரம் எவருக்கு? மின்சாரமோ நிறுவனமோ வீழ்ந்தால் பணத்தையும் கணக்கையும் மீட்கும் வழி யாது? பழைய பதிவுகளோடு வேறொரு முறைக்கு மாறிச்செல்ல இயலுமா? இவற்றோடு சிறு எச்சரிக்கையும் உண்டு. பணம் அனுப்பியாயிற்று என்று வாடிக்கையாளர் காட்டும் திரையைச் சான்றாகக் கொள்ளாது, தம் தொலைபேசிக்கு வரும் செய்தியையே கடைக்காரர் சான்றாகக் கொள்ளல் வேண்டும். போலித்திரை காட்டி ஏமாற்றுவோர் பெருகியுள்ளனர்.

தனியொரு கடைக்காரர் இவ்வினாக்களைக் கேட்டால் முகவர் புன்னகைத்துவிட்டு அடுத்த கடைக்குச் செல்லக்கூடும். ஒரு வீதியின் கடைகள் அனைத்தும், அவ்வூர்க் கமக்காரர் அமைப்பும், கூட்டுறவுச் சங்கமும் ஒன்றுகூடிக் கேட்டால் விடை வந்தே தீரும், கழிவும் குறையும். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதிலே பங்குண்டு. வட்டிக் கணக்கைப் பாடநூலில் உள்ள கற்பனைத் தொகைகளாற் கற்பிப்பதோடு நில்லாது, மாணவன் வீட்டுக்கு வந்த தவணை அட்டையாலும் தொலைபேசிச் செய்தியாலும் கற்பித்தல் இயலும். தாயின் கடன் கணக்கை வாசித்துச் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை வீட்டுக்கொன்று இருக்குமாயின், ஏட்டை ஏந்தி நிற்பவன் எவனாயினும் அளவு பிசகாது அளக்கக் கடமைப்படுவான்.